பிக் பென்: ஒரு வக்கீலின் பிடிவாதம்

லண்டன் பிக் பென் கடிகாரக் கோபுரத்தின் வரலாறு என்ன, அது நிஜமாகவே இத்தனை காலமாகச் சரியான நேரம் காட்டுகிறதா, அதன் மணியில் விரிசல் இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் சரிதான். விரிசலும் உண்மைதான். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள், எட்மண்ட் பெக்கெட் டெனிசன். அவர் கடிகாரக்காரர் இல்லை, வக்கீல். நீதிமன்றம் போய் வந்த நேரம் போக, கடிகாரமும் மணியும்தான் அவருக்கு உயிர். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையைச் சுருக்கினால் சுவையே போய்விடும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடலாம். தமிழில் நேரத்துக்கும் மணி, அதை அடித்துச் சொல்லும் வெண்கலத்துக்கும் மணி. "மணி என்ன?" என்று கேட்கும்போதே நாம் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். பிக் பென் என்ற பெயரும் முதலில் வெண்கல மணிக்கு வைத்ததுதான். கோபுரத்துக்கு உள்ளே தொங்கும் 13.7 டன் எடையுள்ள பெரிய மணிதான் பிக் பென். கோபுரத்துக்கு வெறுமனே 'கடிகாரக் கோபுரம்' என்றுதான் பெயர் இருந்தது. 2012-ல் எலிசபெத் அரசியின் ஆட்சி வைரவிழாவை ஒட்டி 'எலிசபெத் கோபுரம்' என்று மாற்றினார்கள். பென் யார் என்பதற்கு இரண்டு கதை சொல்கிறார்கள். ஒன்று, அப்போது பொதுப்பணித் துறைக்குப் பொறுப்பாக இருந்த சர் பெஞ்சமின் ஹால். ஆள் நல்ல உயரம், நல்ல பருமன். இன்னொன்று, அந்தக் காலத்தில் பேர்போன குத்துச்சண்டை வீரர் பென் கான்ட். மணி வார்த்த காலத்தில் ஹால்தான் அந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதால் நான் ஹால் பக்கம்.

சரி, கோபுரம் எப்படி வந்தது? ஒரு தீ விபத்தால் வந்தது. பால்காரர்கள் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைப்பார்கள் இல்லையா, அதுபோல இங்கிலாந்து அரசாங்கம் பல நூற்றாண்டுகள் வரிக்கணக்கைக் குச்சியில் வெட்டு வெட்டி வைத்திருந்தது. குச்சியை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, கொடுத்தவரிடம் ஒரு பாதி, வாங்கியவரிடம் ஒரு பாதி. இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். வழக்கம் ஒழிந்த பிறகு குச்சிகள் வண்டி வண்டியாக மிஞ்சிக் கிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று அவற்றைப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்பில் போட்டு எரித்தார்கள். நாள் முழுக்க எரித்ததில் புகைபோக்கி சூடேறி, அன்று சாயங்காலமே நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி பற்றி எரிந்துபோனது.

புதுக் கட்டடத்துக்குப் போட்டி வைத்தார்கள். 97 பேர் வரைபடம் கொடுத்ததில் சார்லஸ் பாரி என்ற கட்டடக் கலைஞர் தேர்வானார். கோபுரத்துக்கு 1843 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். கோபுரத்தின் முகம் இன்று இருக்கிற அழகுக்குக் காரணம் பாரி மட்டுமல்ல, அவருக்காக வரைந்து கொடுத்த அகஸ்டஸ் பியூஜின். கடிகார முகப்பு, பொன்வேலைப்பாடு, உச்சிக் கூரை எல்லாம் அவர் கை. 1852-ல் இதை வரைந்து கொடுத்தார். அதே வருடம் புத்தி பேதலித்து, 40 வயதில் இறந்தும் போனார். கோபுரம் முடிந்து அவர் பார்க்கவில்லை. 96 மீட்டர் உயரம், மணி தொங்கும் இடம் வரை ஏற 334 படி.

இனி கடிகாரம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பாரி முதலில் அரசவைக் கடிகாரக்காரர் வல்லியாமியிடம் கடிகாரத்தைச் செய்து தரக் கேட்டார். ஒரே ஆளிடம் கொடுப்பது நியாயமில்லை என்று எட்வர்ட் டென்ட் என்ற இன்னொரு கடிகாரக்காரர் ஆட்சேபம் சொல்ல, விஷயம் போட்டியாக மாறியது. நிபந்தனை எழுதும் பொறுப்பு கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரியிடம் வந்தது. அவர் எழுதிய நிபந்தனைகளில் ஒன்று எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது: மணி அடிக்கும்போது அதன் முதல் அடி, சரியான நேரத்துக்கு ஒரு வினாடிக்குள் விழ வேண்டும். அதோடு, கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை நாளுக்கு இரண்டு முறை தந்தி வழியாகக் கிரீன்விச்சுக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும்.

அன்றைய கடிகாரக்காரர்கள் இது நடக்காத காரியம் என்றார்கள். அவர்கள் சும்மா சொல்லவில்லை. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பெண்டுலக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. கோபுரக் கடிகாரத்தின் முள் வெட்டவெளியில் நிற்கிறது. இந்தக் கோபுரத்தில் பெரிய முள் 4.2 மீட்டர், சின்ன முள் 2.7 மீட்டர். அதுவும் நாலு பக்கமும் நாலு ஜோடி. பலத்த காற்று வீசினால் முள்ளை ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும். பனி படிந்தால் முள் கனக்கும். அந்தத் தள்ளலும் இழுப்பும் பற்சக்கரங்கள் வழியாக உள்ளே வந்து, கடைசியில் ஊசலைத் தொடும். நேரத்தை அளப்பது ஊசல்தான். அதைத் தொட்டுவிட்டால் வினாடிக் கணக்கெல்லாம் பேச முடியாது. முள் பெரிதாக இருந்தால் நேரம் கொஞ்சம் பிசகும் என்பதை அந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்டு வாழ்ந்த காலம் அது.

ஏரி இறங்கி வரவில்லை. வருடக்கணக்கில் இழுபறி நடந்தது. இதற்கு நடுவே ஏரிக்குத் துணையாக டெனிசன் நடுவராக வந்து சேர்ந்தார். வந்தவர் நடுவர் வேலையோடு நிற்கவில்லை, தாமே கடிகாரத்தை வடிவமைத்துவிட்டார். 1852-ல் செய்து தரும் வேலை டென்டுக்குப் போனது. அடுத்த வருடம் டென்ட் இறந்துபோக, அவர் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளை ஃபிரெடரிக் டென்ட் 1854-ல் வேலையை முடித்தார்.

கடிகாரம் தயார், ஆனால் வைக்கக் கோபுரம் இல்லை. கோபுரம் எழும்ப இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. இன்னொருவராக இருந்தால் கடிகாரத்தைத் துணி போட்டு மூடிவிட்டுப் போயிருப்பார். டெனிசன் அந்த ஐந்து வருடமும் அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாற்றி மாற்றிச் சோதித்தார். முதலில் யோசித்திருந்த அமைப்பைக் கழித்துப்போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து வைத்தார். கட்டடவேலை தாமதமானதைப் பற்றி லண்டன்காரர்கள் அப்போது எவ்வளவோ குறைப்பட்டார்கள். ஆனால் அந்தத் தாமதம் இல்லாவிட்டால் இந்தக் கடிகாரம் இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் கண்டுபிடித்தது என்ன? கடிகாரத்தில் எஸ்கேப்மென்ட் என்று ஓர் உறுப்பு உண்டு. ஊசல் ஒவ்வொரு முறை ஆடும்போதும் சக்கரத்தை ஒரு பல் அளவுக்கு விடுவிப்பதும், பதிலுக்குச் சக்கரத்திடமிருந்து ஊசலுக்கு ஒரு சின்ன உந்து வாங்கிக் கொடுப்பதும் அதன் வேலை. டிக் டிக் என்ற சத்தம் வருவது அங்கிருந்துதான். சாதாரணக் கடிகாரத்தில் சக்கரமே ஊசலை உந்துகிறது. சக்கரத்தில் வேகம் கூடினால் உந்தும் கூடும், குறைந்தால் உந்தும் குறையும். அங்கேதான் காற்றுக்கு வழி கிடைக்கிறது.

டெனிசன் இரண்டுக்கும் நடுவில் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஊசலின் இரு பக்கமும் இரண்டு சிறிய கைகள் தொங்கும். சக்கரத்தின் வேலை, அந்தக் கையைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கி வைப்பது மட்டும். தூக்கியதும் சக்கரம் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். ஊசல் ஆடி வந்து கையைத் தொடும், பூட்டு விலகும், பிறகு கை தன் சொந்த எடையால் கீழே இறங்கி ஊசலை மெல்லத் தள்ளும். எடை மாறாது. இறங்கும் தூரமும் மாறாது. அதனால் ஊசலுக்குக் கிடைக்கும் உந்தும் எப்போதும் ஒரே அளவு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வேகமாக இறைத்தாலும் மெதுவாக இறைத்தாலும் தொட்டி ஒரே மட்டத்தில் இருக்கும் வரை கீழே குழாயில் வரும் தண்ணீரின் வேகம் மாறுவதில்லை. காற்று முள்ளோடு என்ன மல்லுக்கட்டினாலும், அது தொட்டி வரைதான் வரும், குழாய்க்கு வராது. இந்த அமைப்பு அப்புறம் உலகம் முழுக்க நல்ல கோபுரக் கடிகாரங்களுக்கு வழக்கமான அமைப்பாகிவிட்டது.

ஊசலும் லேசுப்பட்டதில்லை. 4.4 மீட்டர் நீளம், 310 கிலோ எடை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இரண்டு வினாடி. வெயில் காலத்தில் உலோகம் நீண்டால் ஊசலும் நீளும், கடிகாரம் மெதுவாகும். அதற்காக எஃகுக் குழாயையும் துத்தநாகக் குழாயையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்திருக்கிறார்கள். எஃகு கீழ்நோக்கி நீள, அதைவிடக் கூடுதலாக நீளும் துத்தநாகம் மேல்நோக்கித் தூக்கிச் சரிசெய்துவிடுகிறது.

அப்படியும் அரை வினாடி, கால் வினாடி முன்பின் ஆகத்தான் செய்யும். அதை எப்படித் திருத்துகிறார்கள் தெரியுமா? காசு வைத்து. ஊசலில் நடுவாக ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அதன்மேல் பழைய காலத்துப் பென்னிக் காசுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காசு கூட வைத்தால் நாள் ஒன்றுக்கு 0.4 வினாடி வேகம் கூடும், எடுத்தால் அவ்வளவு குறையும். காசு மேலே ஏறினால் ஊசலின் எடைமையம் ஒரு முடி அளவு மேலே நகர்கிறது, அது ஊசலையே கொஞ்சம் குட்டையாக்கிய மாதிரி. எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பெண்டுலக் கடிகாரம் ஒன்று உண்டு. சித்திரையில் பின்தங்கும், மார்கழியில் முந்தும். ஊசலின் அடியில் இருக்கும் திருகைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் நேரம் போச்சு, மறுபடி வைக்க வேண்டும். இங்கே ஓடுகிற ஊசலை நிறுத்தாமல் மெல்ல ஒரு காசு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 2009-ல் மூன்று பென்னிகளை எடுத்துவிட்டு, லண்டன் ஒலிம்பிக்குக்காக அச்சடித்த ஐந்து பவுண்டு நாணயம் ஒன்றை வைத்தார்கள். 310 கிலோ இரும்பை ஆட்டிவைக்க ஒரு காசு போதும் என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது இன்றைக்கும் வாரம் மூன்று தடவை. மணியடிக்கும் பகுதிகளுக்கு 1913-ல் மின்மோட்டார் வந்துவிட்டது. நேரம் ஓட்டும் பகுதிக்கு மட்டும் இப்போதும் ஆள்தான் கையால் சுற்றுகிறார்.

இவ்வளவு பொறுமையாகக் கடிகாரத்தைச் செய்த அதே டெனிசன், மணி விஷயத்தில் கொஞ்சமும் பொறுமை காட்டவில்லை.

மணி வார்க்க வெண்கலம் வேண்டும், அதாவது செம்பும் வெள்ளீயமும். வெள்ளீயம் கூடினால் உலோகம் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் கூடும். இந்தக் கலவை இப்படித்தான் இருக்க வேண்டும், மணி இந்த வடிவில்தான் இருக்க வேண்டும் என்று டெனிசன் தாமே முடிவு செய்தார். வார்ப்புத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பேச்சை அவர் கேட்கவில்லை. முதல் மணியை வார்னர் பட்டறையார் 1856 ஆகஸ்டில் ஸ்டாக்டன் பக்கத்தில் நார்ட்டன் என்ற ஊரில் வார்த்தார்கள். 16 டன். கப்பலில் லண்டன் வந்தது. கோபுரம் முடியாததால் கீழே முற்றத்தில் தொங்கவிட்டு அடித்துப் பார்த்தார்கள். சத்தம் போதவில்லை என்று டெனிசன் சுத்தியின் எடையை ஏற்றிக்கொண்டே போனார். 355 கிலோவில் இருந்த சுத்தி 660 கிலோ ஆனது. 1857 அக்டோபரில் மணியில் விரிசல் விழுந்துவிட்டது.

விரிந்த மணியை உடைத்து, அந்த உலோகத்தையே லண்டன் வைட்சேப்பல் வார்ப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1858 ஏப்ரல் 10 அன்று ஜார்ஜ் மியர்ஸ் புது மணியை வார்த்தார். வார்த்த மணி ஆறுவதற்கே 20 நாள் ஆனது. இந்த முறை எடை 13.7 டன். 16 குதிரை பூட்டிய வண்டியில் ஊர்வலமாக வந்ததைப் பார்க்கத் தெரு நிறைய ஜனம். நம் ஊரில் தேர் வரும்போது கூடுகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணியின் குறுக்களவு 2.7 மீட்டர், உயரம் 2.2 மீட்டர். நிமிர்த்தி வைத்தால் கோபுரத்தின் உள்துளையில் நுழையாது. அதனால் பக்கவாட்டில் சாய்த்துத் தொட்டில் மாதிரி கட்டி, ஆட்கள் ராட்டினம் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினார்கள். 1858 அக்டோபரில் அது மேலே போய்ச் சேர 30 மணி நேரம் ஆனது.

கடிகாரம் 1859 மே 31-ல் ஓடத் தொடங்கியது. முதலில் மாட்டிய பெரிய முட்கள் வார்ப்பிரும்பு, தாங்க முடியாத கனம். அவற்றைக் கழற்றிவிட்டு உள்ளீடற்ற செப்புத் தகட்டில் செய்தார்கள். ஜூலை 11 அன்று பிக் பென் முதல் தடவையாக மணி அடித்தது. லண்டன் மகிழ்ந்தது. இரண்டே மாதம். செப்டம்பரில் இரண்டாவது மணியும் விரிந்தது.

மியர்ஸ் சொன்ன அளவைவிடக் கனத்த சுத்தியை டெனிசன் மறுபடியும் போட்டிருந்தார். ஆனால் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. வார்ப்பில் ஓட்டை, ஓட்டையை ஏதோ பூசி மறைத்துவிட்டார்கள் என்று எழுதினார், பேசினார். வார்ப்பகத்தார் அவதூறு வழக்குப் போட்டார்கள். டெனிசன் தோற்றார். இருபது வருடம் கழித்து அதே குற்றச்சாட்டை மறுபடி எழுதி, மறுபடி வழக்கு வந்து, மறுபடியும் தோற்றார். வக்கீலாகப் பேர் வாங்கிய மனிதர்! அவர் மேதைமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன், ஆனால் மியர்ஸ் பட்டறைத் தொழிலாளிகளின் நல்ல பேரை அவர் கெடுக்கப் பார்த்ததை மன்னிக்க முடியவில்லை.

நாலு வருடம் பிக் பென் பேசவில்லை. கால்மணி அடிக்கும் சிறிய மணிகளில் பெரியதுதான் அந்த நாளில் முழுமணியையும் அடித்தது. 1863-ல் ஏரி ஒரு யோசனை சொன்னார். மணியை இறக்க வேண்டாம். விரிசல் இருக்கும் இடத்தில் அடி விழாதபடி மணியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். சுத்தியை 200 கிலோவாகக் குறையுங்கள். விரிசல் மேலும் ஓடாமல் அதன் முனையில் கொஞ்சம் உலோகத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். அப்படியே செய்தார்கள். இன்றுவரை அதே மணி, அதே விரிசல். பிக் பென்னின் ஓசையில் ஒரு கரகரப்பு, ஒரு நடுக்கம் இருக்கிறதே, அது விரிசல் தந்தது. உலகமே அதைத்தான் பிக் பென்னின் குரல் என்று தெரிந்துவைத்திருக்கிறது.

கால்மணிக்கு ஒருமுறை வரும் மெட்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஊர்ச் சுவர்க்கடிகாரங்களில் மணியடிக்கும் முன் ஒரு மெட்டு வரும் இல்லையா, நாலு நாலு ஸ்வரமாக இறங்கியும் ஏறியும்? அது இங்கிருந்து வந்தது. ஆனால் இங்கே பிறந்ததில்லை. 1793-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித மரியாள் தேவாலயக் கடிகாரத்துக்காக அமைத்த மெட்டு அது. டெனிசன் கேம்பிரிட்ஜில் படித்தவர். கேம்பிரிட்ஜ் மெட்டு வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்தபிறகு வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு என்றே பேர் பெற்றுவிட்டது. சுவர்க்கடிகாரத்தில் கேட்டு வளர்ந்த நமக்கு லண்டனில் கேட்கும்போது சொந்த வீட்டுச் சத்தம் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கோபுரத்தில் ஒரு சிறை அறையும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. நாடாளுமன்ற ஒழுங்கை மீறும் உறுப்பினரை அடைத்துவைக்க. கடைசியாக அதில் இருந்தவர் சார்லஸ் பிராட்லா, 1880-ல். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதால் உறுப்பினர் சத்தியப்பிரமாணம் எடுப்பதில் தகராறு வந்து, அவரை அங்கே ஓர் இரவு வைத்திருந்தார்கள். இவரை நமக்குத் தெரியாமல் இல்லை. 1889-ல் பம்பாயில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தவர். அவர் பெயர் சென்னைக்கும் எட்டியிருந்தது. 1880-களில் 'தத்துவ விவேசினி' இதழை நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தாருக்கு பிராட்லாதான் ஆதர்சம். 1891-ல் அவர் இறந்தபோது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதிச் சடங்குக்குப் போயிருக்கிறார்.

பிக் பென் வானொலியில் முதலில் ஒலித்தது 1923 டிசம்பர் 31 நள்ளிரவு, புத்தாண்டுக்காக. அப்புறம் பிபிசியின் அடையாளமே அதுதான் ஆனது. ஓசையைப் பதிவுசெய்து வைத்துப் போடாமல், மணிக்கூண்டில் ஒலிவாங்கி வைத்து நேரடியாகவே கொடுத்தார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மணி தொங்குவது தரையிலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில். ஒலி கீழே வந்துசேர வினாடியில் ஆறில் ஒரு பங்கு ஆகும். வானொலி அலையோ 8,000 கிலோமீட்டர் தாண்டி வர அதைவிடக் குறைந்த நேரமே எடுக்கும். ஆக, கோபுரத்தின் காலடியில் நிற்பவர் காதில் விழும் முன்பே, நேரடிச் சிற்றலையில் நம் ஊரில் கேட்டவர் காதில் மணி விழுந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் விளக்கை அணைத்தார்கள், மணியை நிறுத்தவில்லை. 1941 மே 10 இரவு விழுந்த குண்டில் பொதுச்சபை மண்டபம் தரைமட்டமானது. கோபுரத்தில் கடிகார முகப்புக் கண்ணாடி நொறுங்கியது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படி ஓடியதை 1949-ல் பறவைகள் பிடித்து இழுத்தன. மைனா இனப் பறவைக் கூட்டம் ஒன்று பெரிய முள்ளில் வரிசையாக உட்கார்ந்ததில் நாலரை நிமிடம் பின்தங்கிப் போனது. டெனிசன் செய்த அமைப்பு காற்றின் ஆட்டத்தை ஊசலுக்கு அண்டவிடாமல் தடுக்கும். முள்ளையே நகரவிடாமல் பிடித்துக்கொண்டால் அது என்ன செய்யும்? 1962 டிசம்பர் 31-ல் பனி உறைந்து முள் கனத்ததிலும் இதே கதைதான். புத்தாண்டு மணி ஒன்பது பத்து நிமிடம் தாமதமாக அடித்தது.

பெரிய விபத்து நடந்தது 1976 ஆகஸ்ட் 5, அதிகாலை 3:45-க்கு. கால்மணி மெட்டு அடிக்கும் பகுதியில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் விசிறியோடு சேர்ந்த தண்டு ஒன்று உண்டு. நூறு வருடத்துக்கு மேல் முறுக்கி முறுக்கித் தேய்ந்துபோன உலோகம் அன்று அறுந்தது. கட்டுப்பாடு போனதும், டன் கணக்கான எடை சங்கிலி அறுந்த வாளி கிணற்றில் விழுகிற மாதிரி இறங்கியது. சக்கரங்கள் வெறிகொண்டு சுற்றி, இரும்புத் துண்டுகள் அறை முழுக்கச் சிதறி, சுவரிலும் கூரையிலும் போய்க் குத்தின. விடிகாலை என்பதால் அறையில் ஆள் இல்லை. நேரம் ஓட்டும் பகுதியைச் சீக்கிரமே சரிசெய்துவிட்டார்கள். மெட்டு முழுமையாகத் திரும்ப 1977 மே 9 வரை ஆனது. டெனிசனின் காலத்தில் உலோகத்தின் களைப்பு என்ற விஷயம் சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை. அதனால் இதை அவர் கணக்கில் எழுத மாட்டேன்.

கடைசியாக நடந்த பெரிய வேலை 2017 முதல் 2022 வரை. 2017 ஆகஸ்ட் 21 நண்பகல் 12 அடி அடித்துவிட்டு மணி ஓய்ந்தது. கோபுரத்தைச் சுற்றிச் சாரம் எழுந்தது. கடிகாரத்தின் உறுப்புகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து, வடக்கே கம்பிரியாவில் ஒரு பட்டறைக்கு அனுப்பிச் சுத்தம் செய்தார்கள். நாலு முகப்பிலும் கண்ணாடி எல்லாம் மாற்றினார்கள். முகப்பு ஒன்றுக்கு 324 துண்டு. பல அடுக்குப் பெயின்டைச் சுரண்டிப் பார்த்ததில், எல்லோரும் கறுப்பு என்று நினைத்திருந்த எண்களும் முட்களும் ஆதியில் நீலமாக இருந்தது தெரிந்தது. இப்போது போனால் நீலமாகத்தான் பார்ப்பீர்கள். செலவு ஏறக்குறைய 8 கோடி பவுண்டு. மணி ஓய்ந்த அதே 2017-ல்தான் அதை வார்த்த வைட்சேப்பல் வார்ப்பகமும் மூடப்பட்டது. 1570-லிருந்து தொடர்ந்து வந்த தொழில் அது. அமெரிக்காவின் சுதந்திர மணியை முதலில் வார்த்ததும் அங்கேதான். விரிசல் தன் தப்பு இல்லை என்று இரண்டு தடவை நீதிமன்றம் ஏறி நிரூபித்த பட்டறை இப்படி முடிந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

2022 நவம்பர் 13, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை 11 மணிக்குப் பிக் பென் முறைப்படி மறுபடி அடிக்கத் தொடங்கியது.

நேரில் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். கைக்கடிகாரத்தை அதோடு ஒப்பிட நினைப்பவர்கள் பெரும்பாலும் மெட்டுத் தொடங்கியதும் பார்த்துவிடுகிறார்கள். அது தவறு. மெட்டு, முழுமணிக்குச் சில வினாடி முன்பே தொடங்கிவிடும். மெட்டு முடிந்து ஓர் இடைவெளி வரும். அதற்குப் பிறகு பெரிய மணியின் மேல் விழுகிற முதல் அடி, அந்த ஓர் அடிதான் மணி. ஏரி ஒரு வினாடிக் கணக்குக் கேட்டது அதற்குத்தான். அதைக் கேட்டதும் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் அந்த அடியின் கார்வை தேய்ந்து அடங்கும் வரை காதைக் கொடுத்து நில்லுங்கள். அடிவயிற்றில் ஒரு நடுக்கம் கேட்கும். 1859 செப்டம்பரில் விழுந்த விரிசல் அது.